பதினாலும் ஐந்தும் ஒன்பதரை

கணக்கு டீச்சருக்கு வந்த தாகம் போகிற வழியாக இல்லை. வகுப்புக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போனவர், பிறகு இரண்டு பாட்டில் எடுத்துப் போனார். பிறகு பிள்ளைகளிடமே கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார். சாப்பாடு இறங்கவில்லை, வயிறு கல்லாகக் கிடந்தது, கால் எலும்பெல்லாம் குடைச்சல். இதையெல்லாம் வயசு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒருநாள் கரும்பலகை முன்னால் நின்று ஏழெட்டு எவ்வளவு என்று யோசித்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐம்பத்தாறு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறவர். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அவருடைய வீட்டுக்காரர் சோபா தைப்பவர். கார் சீட், ஆபீஸ் நாற்காலி, டாக்டர்கள் நோயாளியைப் படுக்க வைக்கிற கட்டில் என எதுவானாலும் பழைய துணியை உரித்து, பஞ்சை மாற்றிப் புதுத் துணி போர்த்திவிடுவார். மெத்தைக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். மனைவியை அவரும் டீச்சர் என்றே கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. வரவு செலவு, பஸ் நேரம், யார் வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் டீச்சர் தலையில் இருந்ததால் தன் தலையை அவர் அதிகம் உபயோகப்படுத்தியதில்லை. இப்போது அந்தத் தலை கலங்குகிறது என்றதும் அவர் பட்டறையைப் பூட்டிவிட்டு டீச்சரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

தெருமுனையில் ஒற்றை அறையில் வைத்தியம் பார்க்கிறவரை எல்லாரும் சின்ன டாக்டர் என்பார்கள். அவர் டீச்சரின் நாக்கைப் பார்த்தார், முழங்காலைத் தட்டினார், கேள்விகள் கேட்டார்.

"ரத்தத்துல கால்சியம் கூடியிருக்கும்னு தோணுது. கழுத்துல அரிசி மணி மாதிரி நாலு சுரப்பி இருக்கு. அதுல ஒண்ணு தறிகெட்டு வேலை பார்த்தா, எலும்புல இருக்கற கால்சியத்தை உருவி உருவி ரத்தத்துல விட்டுடும். தாகம், மலச்சிக்கல், மறதி எல்லாம் அதோட வேலைதான்."

"பயப்படணுமா சார்?"

"விட்டா பயப்படணும். புத்தி மாறும், கிட்னி கெடும், கடைசில நெஞ்சு நின்னுடும். கண்டுபிடிச்சுட்டா அந்த ஒரு மணியை எடுத்துட்டா போச்சு. டீச்சர் பழையபடி பசங்களை பெஞ்சு மேல ஏத்துவாங்க."

கால்சியம் டெஸ்ட் என்றால் என்ன என்பதையும் அவர் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் ஏறக்குறையப் பாதி, புரதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். மீதி தனியாகச் சுற்றித் திரியுமாம். உட்கார்ந்திருப்பது வேலை செய்யாது, சுற்றுவதுதான் செய்யும். ஆயுள் முழுக்க ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பஞ்சு மாற்றிய மெத்தைக்காரருக்கு இது உடனே புரிந்துவிட்டது.

"எட்டரைலேர்ந்து பத்தரை வரைக்கும் இருந்தா சரி. பன்னண்டைத் தாண்டினா தாமதிக்கக் கூடாது. ஆபரேஷன் வசதி பெரிய ஆஸ்பத்திரிலதான் இருக்கு, அங்க போய் ரத்தம் குடுங்க. அதுவரைக்கும் டீச்சர் தண்ணி குடிக்கட்டும். எவ்வளவு கேட்டாலும் குடுங்க. இப்போதைக்கு அதுதான் மருந்து."

பெரிய ஆஸ்பத்திரி நிஜமாகவே பெரியது. அதன் ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்குத் தனி மாடி, தனி வாசல், வாசலில் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வெண்கல எழுத்தில் 'இங்கு அனைத்தும் இயல்பே' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் விருதுக் கோப்பைகள் அணிவகுத்து நின்றன. மெத்தைக்காரருக்கு மனசு லேசானது. இவ்வளவு கோப்பை வாங்கினவர்கள் ஒரு துளி ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டார்களா?

ரத்தம் எடுக்கிற ஊசிக்காரம்மா சிரித்த முகமாக இருந்தார். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, பெயர் ஒட்டி, உள்ளே அனுப்பினார். சாயங்காலம் ரிசல்ட் கேட்டபோது அந்தச் சிரிப்பு மட்டும்தான் கிடைத்தது.

"ரிசல்ட் வரலைங்க. நம்பர் கோட்டுக்கு வெளிய போயிடுச்சு."

"எந்தக் கோட்டுக்கு?"

"எட்டரை ஒரு கோடு, பத்தரை ஒரு கோடு. அதுக்கு நடுவுல வந்தாத்தான் ரிசல்ட். வெளிய வந்தா அது பிழை. பிழையை நாங்க வெளிய குடுக்கறதில்ல. நாளைக்கு வாங்க, திரும்ப எடுத்துடலாம்."

"கோட்டுக்கு வெளிய போச்சான்னு பாக்கத்தானே அம்மா வந்தோம்?"

"நாளைக்கு வெறும் வயித்துல வாங்க" என்றார் ஊசிக்காரம்மா.

மறுநாள் வெறும் வயிற்றோடு போனார்கள். பிழை. அதற்கடுத்த முறை டீச்சர் நின்றுகொண்டு கொடுத்தார், அப்புறம் படுத்துக்கொண்டு கொடுத்தார். கையில் பட்டையை இறுக்கிக் கட்டினால் எண் கொஞ்சம் ஏறிவிடும் என்று பட்டையே கட்டாமல் நரம்பைத் தேடினார்கள். அந்தத் தேடலில் டீச்சரின் இரண்டு கையும் கன்றிப் போயின. ஒருநாள் ஜன்னல் திரையை மூடிவிட்டு எடுத்தார்கள். வேறொருநாள், கணக்கு டீச்சர் என்பதால் எண்ணைப் பற்றி உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே இருக்கிறார், அதனால்தான் ஏறுகிறது என்று கண்டுபிடித்து, எதையும் நினைக்காமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள்.

"அது கொஞ்சம் கொஞ்சமா எனக்கே வந்துட்டிருக்கு" என்றார் டீச்சர்.

கடைசியில் தண்ணீர்மேல் பழி விழுந்தது. டீச்சர் குடிக்கிற தண்ணீரால்தான் ரத்தம் குழம்புகிறது என்று முடிவாகி, காத்திருக்கும் கூடத்தில் 'தண்ணீர் அருந்தாதீர்' என்று புதிதாக ஒரு பலகை மாட்டினார்கள். காவலாளி வந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். டீச்சர் உதட்டை நக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெத்தைக்காரர் கைக்குட்டையை நனைத்து, வேர்வை துடைக்கிற பாவனையில் அவர் உதட்டைத் துடைத்துவிட்டார்.

"ஏங்க, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார் டீச்சர். "எத்தனை தடவை பரீட்சை எழுதினாலும் பெயில்னு அனுப்பறாங்களே."

மெத்தைக்காரர் பொறுமை இழந்து, பிரிவின் இயக்குநரைப் பார்த்தே தீருவேன் என்று நின்றார். இயக்குநர் மாசு மருவற்ற வெள்ளைக் கோட்டும் கனிந்த குரலும் உடையவர். உட்காரச் சொன்னார். நாற்காலியின் பஞ்சு மட்டமானது என்பது உட்கார்ந்த உடனேயே மெத்தைக்காரருக்குத் தெரிந்தது.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா எங்க நிலைமையையும் நீங்க யோசிக்கணும். இந்த லேப் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு தப்பான ரிசல்ட் வெளிய போனதில்ல. அந்தப் பேரை உங்க வீட்டம்மாவுக்காக நான் கெடுத்துக்க முடியுமா?"

"கூடியிருந்தா கூடியிருக்குன்னு சொல்லுங்க சார். அது எப்படித் தப்பாகும்?"

"கூடினா அது இயல்பு இல்ல. இயல்பு இல்லாதது தப்பு. தப்பை எழுதிக் குடுக்கற லேப்பை யாராவது நம்புவாங்களா? நோயாளிங்க வரட்டும், நாங்க வேணாம்னு சொல்லலை. ஆனா நோய் எங்க ரெக்கார்டுக்குள்ள வரக்கூடாது. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

"அப்ப நோய் இருக்கறவங்க என்ன சார் பண்றது?"

இயக்குநர் அந்தக் கேள்வியை மிகவும் மதித்தார். கண்ணை மூடி யோசித்தார். "பொறுமையா இருக்கணும்" என்றார். "சில பேரோட நம்பர் தானாவே கோட்டுக்குள்ள வந்துடுது. சில பேர் வர்றதையே நிறுத்திடறாங்க. எப்படிப் பார்த்தாலும் எங்களுக்கு நூறு சதவீதம்தான்."

ஆனாலும் அவர் ஈரமில்லாதவர் அல்ல. மறுநாளே டீச்சருக்காக ஒரு சிறப்பு ஏற்பாடு செய்தார். ஊசிக்காரம்மா இந்தத் தடவை ஊதா மூடிக் குழாயை எடுத்தார். ஊதாக் குழாய் வேறு வகை டெஸ்டுக்கு உரியது. ரத்தம் உறையாமல் இருக்க அதில் ஒரு மருந்து உண்டு, அந்த மருந்து கண்ணில் படுகிற கால்சியத்தை எல்லாம் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். கால்சியம் பார்க்க அதில் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எடுத்தார்கள். கால்சியம் ஐந்து என்று வந்தது. ஐந்து இருந்தால் மனுஷிக்குக் கைகால் இழுத்துக்கொள்ளும். டீச்சர் சிவனே என்று உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் தன் அறையில் இருந்த கரும்பலகை முன்னால் நின்று, இருவருக்கும் பாடம் நடத்துவது போலச் சொன்னார். "முதல்ல எடுத்த ரத்தத்துல பதினாலு. அது ஒரு பிழை. இப்ப அஞ்சு. அதுவும் ஒரு பிழை. ரெண்டு பிழை ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டா என்ன ஆகும்? பதினாலையும் அஞ்சையும் கூட்டி ரெண்டால வகுத்தா..."

"ஒன்பதரை" என்றார் டீச்சர் சட்டென்று. கரும்பலகையைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு ஒரு கணக்கைச் சரியாகப் போட்ட சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது. மெத்தைக்காரரும் பெருமையோடு ஊசிக்காரம்மாவைப் பார்த்தார்.

"ஒன்பதரை!" என்று இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டார். "எட்டரைக்கும் பத்தரைக்கும் நட்ட நடுவுல! இவ்வளவு இயல்பான ஒரு ரத்தத்தை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல!"

உடனே ரிப்போர்ட் அச்சாகி வந்தது. இயல்பு என்று அதில் தங்க நிறத்தில் போட்டிருந்தது. டீச்சரை நிற்க வைத்துப் படம் எடுத்து, வரவேற்பறைச் சுவரில் மாட்டினார்கள்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. "ஏங்க, ஒரு பையன் கணக்குல நூறு வாங்கறான், அறிவியல்ல பூஜ்யம் வாங்கறான். ரெண்டுலயும் அம்பதுன்னு பாஸ் போட முடியுமா? நான் போடுவேனா?" என்றார். தானே போட்ட கணக்கில் தானே மாட்டிக்கொண்டதை நினைத்து டீச்சர் இறங்குகிற வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு அலைச்சல் ஆரம்பித்தது. சின்ன டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் ஒரு குட்டி லேபில் ரத்தம் எடுக்கச் சொன்னார். பதினாலேகால். அதை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினால், வெளி ரிப்போர்ட் செல்லாது என்றார்கள். எலும்பு டாக்டர், "எலும்புல இருக்கற வரைக்கும் அது என் பொறுப்பு. ரத்தத்துக்கு வந்துட்டா என் எல்லை தாண்டியாச்சு" என்றார். கிட்னி டாக்டர், கிட்னி கெட்ட பிறகு வரச் சொன்னார். கழுத்து ஆபரேஷன் செய்யும் சர்ஜன் மட்டும் கொஞ்சம் நேர்மையானவர்.

"நான் கழுத்தைப் பாக்கறதில்லைங்க, ரிப்போர்ட்டைத்தான் பாப்பேன். இயல்புன்னு போட்டிருக்கற கழுத்துல கத்தி வெச்சா என் வேலை போயிடும். கோட்டுக்கு வெளிய போன ரிப்போர்ட் ஒண்ணு கொண்டு வாங்க, அன்னிக்கே பண்ணிடறேன்."

"உங்க லேப்ல அதைக் குடுக்கமாட்டேங்கறாங்களே சார்."

"ஆமா, நம்ம லேப் ரொம்ப நல்ல லேப்" என்றார் சர்ஜன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்காத கதைதான். அடுத்த ஊருக்குக் கூட்டிப் போகலாம் என்று மெத்தைக்காரர் விசாரித்தார். அங்கே இருந்ததும் இதே ஆஸ்பத்திரியின் கிளை. அதுவும் கோப்பை வாங்கிய கிளை.

இதற்குள் டீச்சர் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தார். ஏழாம் வாய்ப்பாடு போனது, ஐந்தாம் வாய்ப்பாடு போனது. ஒரு காலையில் மெத்தைக்காரர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது டீச்சர் மரியாதையாக எழுந்து உட்கார்ந்து, "தேங்க்ஸ் சார். நீங்க எந்தப் பையனோட அப்பா?" என்று கேட்டார். மெத்தைக்காரர் பட்டறைக்குப் போய்ப் பஞ்சு மூட்டைமேல் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். ஆயுசில் தன்னை ஒருநாளும் எதற்கும் வைய மறக்காத மனுஷி, தன்னை அறிமுகம் கேட்கிறாளே என்று நினைக்க நினைக்க அழுகை அடங்கவில்லை.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியே வந்தது. இயல்பு விருதுக்கான தேர்வுக் குழு நேரில் பார்வையிட வருகிறதாம். நட்ட நடுவில் எண் வாங்கிய டீச்சர்தான் முன்மாதிரி நோயாளி. மேடையில் உட்கார வைத்து எல்லார் முன்னாலும் ரத்தம் எடுப்பார்கள். பக்கத்தில் இயக்குநரும் தன் ரத்தத்தைக் கொடுப்பார். மெத்தைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், படித்தவர்கள், டீச்சரை ஒரு பார்வை பார்த்தாலே போதும், விஷயம் புரிந்துவிடும் என்று நம்பினார்.

கூடம் முழுக்க பலூன் கட்டியிருந்தார்கள். டீச்சரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. மெத்தைக்காரர் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் குழுத் தலைவி அம்மையாரின் முன்னால் கைகூப்பி நின்றார்.

"அம்மா, அவங்களைக் கொஞ்சம் பாருங்கம்மா. அவங்க சாகக் கிடக்கறாங்க."

அம்மையார் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார். "தயவுசெஞ்சு நோயாளியை என்கிட்ட காட்டாதீங்க. நாங்க ரிசல்ட்டை மட்டும்தான் மதிப்பிடணும். ஆளைப் பார்த்துட்டா எங்க நடுநிலை போயிடும். இருபது நாட்டுல விருது குடுத்திருக்கேன், ஒரு நோயாளி முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. அதுதான் என் தகுதி."

காவலாளி மெத்தைக்காரரைப் பிடித்து மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு மேஜைமேல் தாங்கியில், அப்போதுதான் மேடையில் எடுத்த ரத்தத்தோடு இரண்டு மஞ்சள் மூடிக் குழாய்கள் நின்றன. குழு பார்க்கிறது என்பதால் அன்றைக்கு ஊதாக் குழாய் இல்லை. ஒன்றில் டீச்சர் பெயர், இன்னொன்றில் இயக்குநர் பெயர். முன்னால் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார், எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், ரத்தத்தை யாரும் பார்க்கவில்லை.

மெத்தைக்காரர் அதிகம் யோசிக்கவில்லை. டீச்சரின் ரத்தம் டீச்சர் பெயரில் உள்ளே போனால் குப்பைக்குத்தான் போகும். இயக்குநர் ரத்தத்தைக் குப்பையில் போட யாருக்குத் துணிச்சல் வரும்? ஒரே ஒரு தடவை, யார் பெயரிலாவது அந்தப் பதினாலு வெளியே வந்துவிட்டால் போதும், அப்புறம் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம். ஒட்டிய துணியை நூல் பிரியாமல் உரிக்கிற கட்டைவிரல் நகத்தால் இரண்டு பெயர்ச் சீட்டுகளையும் உரித்தார், மாற்றி ஒட்டினார். குழாய்களைத் தாங்கியில் இருந்தபடியே நிறுத்திவைத்தார்.

உள்ளே பரிசோதனை அறையில் பெரிய தர்மசங்கடம் நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டார். இயக்குநரின் எண் கோட்டைத் தாண்டி நின்றது. பிழை என்று எறிந்தால் இயக்குநரின் ரத்தமே பிழை என்றாகும். திரும்ப ஊசி போடலாமா என்று மேடைக்குப் போய்க் கேட்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அம்மையார் ஒலிபெருக்கி முன்னால் வாசித்தார். "முன்மாதிரி நோயாளி, ஒன்பது புள்ளி ஆறு. இயல்பு." கைதட்டல். "இயக்குநர் அவர்கள், பதினாலு புள்ளி எட்டு."

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. இயக்குநர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுவல்லவோ நேர்மை!" என்றார். "தன் தலைவரின் ரத்தத்தைக்கூட மறைக்காத ஒரு லேப்! இந்த எண்ணில் பிழை இருக்க முடியாது. ஏனென்றால் இங்கே பிழையே வெளியே வந்ததில்லை. விருது உங்களுக்கே!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். கோட்டுக்கு வெளியே போன ரிப்போர்ட் ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் முதல்முறையாகக் கையில் கிடைத்ததும் சர்ஜனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டைத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது என்று சொல்லி, ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். இயக்குநரைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்து, மார்பின்மேல் விருதுக் கோப்பையையும் வைத்தார்கள்.

மெத்தைக்காரர் தள்ளுகட்டிலை மறித்துக்கொண்டு அதன் கம்பியைப் பிடித்துக் குனிந்தார்.

"சார், அது உங்க ரத்தம் இல்ல. டீச்சர் ரத்தம். நான்தான் சீட்டை மாத்தி ஒட்டினேன். என்னைப் போலீஸ்ல குடுங்க சார், ஜெயிலுக்குப் போறேன். ரிசல்ட்டுல தப்பு நடந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்திருங்க. அந்த இடத்துல அவங்களைப் படுக்க வைங்க."

இயக்குநர் அவரை நிதானமாகப் பார்த்தார். "எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "எனக்குத் தாகமே இல்ல."

"அப்ப சொல்லுங்க சார்!"

"தப்பு நடந்துடுச்சுன்னா? நானா?" இயக்குநரின் கனிந்த குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "இன்னிக்கு ஒரு தப்பு வெளிய போச்சுன்னா நேத்து வரைக்கும் போனதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. கழுத்துல ஒரு மணி போனா போகட்டும், மூணு மிச்சம் இருக்கும். இந்தக் கோப்பை போனா எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

"என் பொண்டாட்டி செத்துப் போயிடுவா சார்."

"அவங்க ஒன்பது புள்ளி ஆறு" என்றார் இயக்குநர். "பயப்படாதீங்க." பிறகு தள்ளுகிறவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். கட்டில் நகர்ந்தது. மெத்தைக்காரர் கம்பியை விடவில்லை. கொஞ்ச தூரம் கூடவே இழுபட்டுப் போனார். காவலாளி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

சர்ஜனிடம் கத்தினார், ஊசிக்காரம்மாவிடம் கத்தினார். ஊசிக்காரம்மா ஒரு கணம் டீச்சரைப் பார்த்தார். அப்புறம் வெண்கல எழுத்தைப் பார்த்தார். "இயல்பு ரிப்போர்ட் இருக்கறவங்க இங்க உட்காரக் கூடாதுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படிக்கட்டு ஓரமாகச் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு மெத்தைக்காரர் தரையில் உட்கார்ந்தார். சின்ன டாக்டருக்குப் போன் போட்டார். நான் இதோ வருகிறேன், தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் அவர். வந்து அவரால்தான் என்ன செய்துவிட முடியும்? மெத்தைக்காரர் சாலையோரக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து, டீச்சரின் தலையை நிமிர்த்திப் பிடித்து, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பாதி உள்ளே போனது, பாதி சேலையில் வழிந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது. இயக்குநருக்கு ஆபரேஷன் வெற்றி என்று அறிவித்தார்கள். எடுத்த சுரப்பியை உடனே பரிசோதித்துப் பார்த்ததில் அது முற்றிலும் இயல்பாக இருந்தது, இதன்மூலம் ஆஸ்பத்திரியின் நூறு சதவீதச் சாதனை தொடர்கிறது என்று சொன்னார்கள். கூடம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கூடக் கேட்டது.

டீச்சர் கண்ணைத் திறந்தார். கன்றிப்போன கைகளைத் தூக்கி அவரும் மெல்லத் தட்டினார். கைதட்டல் கேட்டால் கூடவே தட்டுவது பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

"ரிசல்ட் வந்துடுச்சா சார்?" என்று மெத்தைக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"வந்துடுச்சு டீச்சர்."

"எல்லாரும் பாஸா?"

"எல்லாரும் பாஸ்."

டீச்சர் திருப்தியாகத் தலையாட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த பலூன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவருக்கு ஏதோ கணக்கு இடித்திருக்க வேண்டும், புருவம் சுருங்கியது.

"அப்ப என்னை மட்டும் ஏன் வெளிய நிக்க வெச்சிருக்காங்க?"

மெத்தைக்காரர் பாட்டிலில் மிச்சம் இருந்ததை அவர் வாயில் ஊற்றிவிட்டு, மறுபடியும் நிரப்பிக்கொண்டு வரக் குழாயடிக்கு ஓடினார்.